வெயில் வேறு, வெளிச்சம் வேறு

காரைக்குடிக் கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். 'ரேடியேட்டர் வெல்டிங் செய்து தரப்படும்' என்று ஒரு பட்டறை கண்ணில் படும். அதற்கு அடுத்து, பைக்கின் பின்பக்கம் குலசாமி பெயரையும் மகள் பெயரையும் வெட்டி ஒட்டித் தரும் ரேடியம் ஸ்டிக்கர் கடை. எதிரே டயர் கடையில் 'ரேடியல்' என்று கொட்டை எழுத்து. அந்தக் கட்டடத்தின் மாடியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கீழே டீக்கடையில் ரேடியோ பாடுகிறது. ஐந்துமே இங்கிலீஷ் பெயர்கள். ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது பெயர்ப்பலகை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாய்ச்சொல் லத்தீனின் 'ரேடியஸ்'. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் என்று பொருள். குடத்தில் தொடங்கி வட்டை வரைக்கும் நாலாபுறமும் ஓடுகிறதே, அந்தக் கால். சூரியனை வரையச் சொன்னால் எந்த ஊர்ப் பிள்ளையும் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் கோடுகள் இழுக்கும். அந்தக் கோட்டுக்கும் ரோமானியர்கள் ஆரக்கால் பெயரையே வைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் 'ரே' ஆனது. வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போடும் கோட்டை நாம் கணக்குப் பாடத்தில் 'ஆரம்' என்கிறோம். அதுவும் சக்கரத்தின் காலிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிகளும் ஒரே வண்டியைப் பார்த்திருக்கின்றன.

1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த தனிமம் கதிர்களை வீசிக்கொண்டே இருந்ததால் அதற்கு ரேடியம் என்று பெயர். ரேடியம் கலந்த பூச்சைக் கடிகார எண்களின்மேல் தடவினார்கள், எண்கள் இருட்டிலும் தெரிந்தன. அந்த நினைவில், ராத்திரியில் பளிச்சிடும் எதுவும் நமக்கு ரேடியமாகிவிட்டது. பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் கிடையாது. அதற்குச் சொந்த வெளிச்சமும் இல்லை. அதனுள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத பொடிக் கண்ணாடி மணிகள், அல்லது நுண்ணிய பட்டகங்கள். பின்னால் வரும் வண்டியின் விளக்கொளியை அவை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் அந்த வண்டியில் இருப்பவருக்கு மட்டும் எழுத்து எரிவதுபோல் தெரிகிறது, ஓரமாக நடந்து போகிறவருக்குத் தெரிவதில்லை.

ரேடியேட்டர் சூட்டை வீசுகிறது என்று நினைத்து வைத்த பெயர். உண்மையில் அதற்கு வந்து சேரும் இன்ஜின் சூட்டில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போவது அதன் ஊடே பாயும் காற்று. டீக்கடை ரேடியோவுக்கு வரும் அலையும் மாடியில் எலும்பைப் படம் பிடிக்கும் கதிரும் மட்டும் பெயருக்கு முழுத் தகுதி உள்ளவை. இரண்டும் ஒளியின் உடன்பிறப்புகள். பண்பலை வானொலியின் ஓர் அலை சுமார் 3 மீட்டர் நீளம். பச்சை ஒளியின் ஓர் அலை ஒரு மில்லிமீட்டரை 2,000 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. எக்ஸ்ரேயின் அலை ஓர் அணுவின் அகலத்தை ஒட்டியது. நீளம்தான் வேறு, பொருள் ஒன்று. ரேடியல் டயருக்குப் பெயர் வந்தது, அதன் உள்நூல்கள் ஆரக்கால் போல மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடுவதால். சக்கரத்தில் பிறந்த சொல் சூரியனுக்குப் போய், ஆய்வுக்கூடங்களைச் சுற்றி, கடைசியில் சக்கரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது!

ஆனால், அந்தத் தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "என்னா வெயிலு" என்கிறாரே, அந்தச் சொல் இந்த ஐந்தில் எதிலும் இல்லை.

இங்கிலீஷில் சன்லைட் என்று ஒரு சொல் உண்டு, சன்ஷைன் என்று ஒரு சொல் உண்டு. முன்னது ஜன்னல் வழியாக வருவது, செடிக்குத் தேவைப்படுவது. பின்னது மனசைத் தொடுவது. குழந்தையைக் கொஞ்சவும் நல்ல சுபாவத்தைப் பாராட்டவும் பின்னதைச் சொல்வார்கள். காரணம் பூகோளத்தில் இருக்கிறது. லண்டன் நிலநடுக்கோட்டுக்கு 51 டிகிரி வடக்கே இருக்கும் ஊர். டிசம்பர் மாதத்து நடுப்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். அப்படிப்பட்ட ஊரில் முகத்தில் விழும் சூரியன் வரம். காரைக்குடி இருப்பது 10 டிகிரியில். நாம் நர்சரிப் பள்ளிக்கு 'சன்ஷைன்' என்று பெயர் வைப்போம், 'வெயில்' என்று வைக்கமாட்டோம். ஆதரவாக இருக்கும் பெரியவரை 'நிழல்' என்போம். நல்ல முகத்தைக் 'குளிர்ச்சி' என்போம். சன்லைட் எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் வந்ததே சோப்பாகத்தான். அந்தச் சோப்பு 1888-லேயே கல்கத்தாவில் வந்து இறங்கிவிட்டது.

"வெயில்ல நிக்காத, உள்ள வா" என்பாள் என் அப்பத்தா. உள்ளே வந்தால், "வெளிச்சத்துல உக்காந்து படி" என்பாள். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லித் தமிழ்நாட்டில் நான் யாரையும் கேட்டதில்லை. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'லைட்' போதும். நமக்குப் போதாது. சூரியனிடமிருந்து நேராக, சூட்டோடு விழுவது வெயில். சூடு ஒரு பொருட்டில்லாமல் கண்ணுக்கு வழிகாட்டுவது வெளிச்சம். வெயிலின் வேர் 'வெய்', வெம்மை என்று பொருள். வெளிச்சத்தின் வேர் 'வெள்'. வெண்மைக்கும் வெள்ளிக்கும் விடியற்காலையில் "வெள்ளன எந்திரி" என்று எழுப்புவதற்கும் அதுதான் வேர். ஒன்று தோலுக்கான சொல், மற்றது கண்ணுக்கான சொல்.

தோலும் கண்ணும் இப்படிப் பிரித்து வைத்திருந்ததை ஆய்வுக்கூடத்தில் பிரித்துக் காட்டியவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-ல் அவர் சூரிய ஒளியைப் பட்டகம் வழியாகச் செலுத்தி, விரிந்த வண்ணங்களில் எது அதிகம் சுடுகிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். ஊதாவை விடச் சிவப்பு சுட்டது. சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத வெறும் இடத்தில் வைத்த வெப்பமானி அதைவிட ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியைத்தான் இன்று அகச்சிவப்பு என்கிறோம். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அதில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டே யோஹான் ரிட்டர் மறுகோடியில், ஊதாவுக்கு அப்பால், வெள்ளி உப்பைக் கருக்கும் இன்னொரு பகுதியைக் கண்டார். அளவில் அது சொற்பம். ஆனால் கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சாயத்தை வெளுக்கவைப்பதும், பழைய புத்தகத் தாளைப் பழுப்பாக்குவதும் அந்தச் சொற்பம்தான். ஆக, வெயில் மூன்று சரக்குகள் ஏறிய வண்டி. அதில் வெளிச்சம் ஒரு சரக்கு மட்டும்.

இதை வைத்துக்கொண்டு ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கானாடுகாத்தானோ, பள்ளத்தூரோ, ஆத்தங்குடியோ, எந்த ஊரானாலும் சரி. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தூண்கள், தாழ்வாரம், அதற்கும் உள்ளே அறைகள். முற்றத்துக் கருங்கல் தரையில் வெயில் கொளுத்துகிறது. நாலு அடி தள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கலாம், அவ்வளவு வெளிச்சம், சூடு மட்டும் இல்லை.

எப்படி? நேர் வெயிலின் வெளிச்சம், அளவுகோலில் சொன்னால், சுமார் 1,00,000 லக்ஸ். உட்கார்ந்து எழுதப் படிக்க 300 முதல் 500 வரை போதும். அதாவது வெயில் கொண்டுவரும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நமக்குத் தேவையில்லை. மிச்சத்தை வாங்கினால் சூட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். தாழ்வாரச் சரிவு நேர் வெயிலைத் தடுத்துவிடுகிறது. முற்றத்துக்கு மேலே தெரியும் நீல வானத்தின் ஒளி மட்டும் உள்ளே இறங்குகிறது. அந்த ஒளியின் குணமே வேறு. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீலம் சிதறும், அகச்சிவப்பு பெரும்பாலும் சிதறாமல் நேராகப் போய்விடும். ஆகவே ஒரே அளவு வெளிச்சத்துக்கு, நேர் வெயிலில் வருவதைவிட வானத்திலிருந்து வருவதில் சூடு குறைவு. வளவு கட்டியவர்கள் வாங்கியது வானத்தை.

உள்ளே வந்த கொஞ்ச ஒளியையும் அவர்கள் வீணாக்கவில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, வழவழவென்று தேய்த்த சுவரில் விரலை வைத்தால் விரலின் சாயல் தெரியும். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால், கண்ணாடியைப் பிரித்த பிறகும் அதன் வழவழப்பு கல்லிலேயே தங்கிவிடுகிறது. ஒளி சுவரில் பட்டு, தரையில் பட்டு, தேக்குத் தூணின் பக்கவாட்டைத் தொட்டு, மூன்றாவது அறையின் பெட்டகம் வரைக்கும் போகிறது. தலைக்கு மேலே பர்மாத் தேக்கு உத்தரங்கள். உத்தரத்துக்கும் ஒளிக்கற்றைக்கும் இங்கிலீஷில் 'பீம்' என்ற ஒரே சொல்தான். பழைய இங்கிலீஷில் அதற்கு மரம் என்று பொருள். அவர்கள் ஒளியை நெட்டையான மரமாகப் பார்த்தார்கள். நாம் வைக்கோல் கற்றையாகவும், நெற்கதிராகவும் பார்த்தோம்.

முற்றத்துத் தூணுக்கு ஒரு விசேஷ நாள் உண்டு. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16, 17 வாக்கில், சூரியன் காரைக்குடியின் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. கடிகாரத்தில் 12 மணி ஆகும்போது அல்ல. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே, 82.5 டிகிரி தீர்க்கரேகையில் கணக்கிடப்படுவதால் இங்கே உச்சிப்பொழுது 12.15 சுமாருக்கு வரும். அப்போது செங்குத்தான தூணின் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. லண்டன்காரர் வாழ்நாள் முழுக்கத் தம் ஊரில் பார்க்க முடியாத காட்சி இது. ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்தே பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டுங்கள்.

உச்சியில் சூரியன் நிற்பது ஏப்ரல் நடுவில். கத்திரி வெயில் என்று நாம் அஞ்சுவதோ மே மாதத்தில். இடையில் என்ன நடக்கிறது? இங்கேதான் மூன்றாவது சொல் வருகிறது. வெக்கை.

வெயில் போன பிறகு இருப்பது வெக்கை. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரமான பின்னும் மொட்டை மாடித் தளத்தில் பாய் விரிக்க முடியவில்லையே, சுவரோரம் உட்கார்ந்தால் முதுகில் ஏதோ அடிக்கிறதே, அது. அந்த நேரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை, ஆனால் சுவர் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. சூடுள்ள எல்லாப் பொருளும் வீசும். 5,500 டிகிரிச் சூரியன் கண்ணுக்குத் தெரியும் குறுகிய அலைகளில் உச்சமாக வீசுகிறது. 40 டிகிரிச் சுவர் அதைவிடச் சுமார் 20 மடங்கு நீண்ட அலைகளில் வீசுகிறது. அந்தச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வெளிவிடுவது 500 வாட்டுக்கும் மேல். நாள்தோறும் வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்பித் தந்து, மிச்சத்தை மண் சேர்த்துக்கொண்டே போகிறது. வெயில் சித்திரை தொடக்கத்தில் உச்சம், வெக்கை சித்திரை முடிந்து வைகாசி பிறக்கையில் உச்சம். அறிவியலார் குற்றலைக் கதிர்வீச்சு, நெட்டலைக் கதிர்வீச்சு என்று பிரித்ததை நம் பாட்டிமார் வெயில், வெக்கை என்று பிரித்திருந்தார்கள். புழுக்கம் இவற்றில் சேராது. காற்றில் ஈரம் கூடி வேர்வை ஆறாமல் போவது அது. அனல் நெருப்பைச் சேர்ந்தது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு பெயர்.

இந்தச் சொற்களை ஏன் வகுப்பறைக்குள் விடமாட்டேன் என்கிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தால் முகத்தில் அறைகிறது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான இருக்கைகள் வீசும் வெக்கையை வெளியே விடாது, சூடேறிய காற்றையும் அடைத்து வைக்கும். அவ்வளவுதான் விஷயம். நம் தலைக்கு மேலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெயிலுக்கு வழிவிட்டு வெக்கையைப் பிடித்துக்கொள்கின்றன. ஜான் டிண்டல் 1859-ல் சோதனைச்சாலையில் அளந்து காட்டியது இதைத்தான். கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட பூமி காய்ச்சல் கண்டதுபோல் ஆகிறது. 'பசுமை இல்ல விளைவு' என்று தொடங்கினால், பசுமை இல்லத்தைப் பார்த்தே இராத பிள்ளைக்கு என்ன புரியும்? 'வெயில் வரும், வெக்கை போகாது' என்று தொடங்கினால் திருப்பத்தூரிலும் தேவகோட்டையிலும் ஒரு நிமிடத்தில் புரியும். 'கதிர்வீச்சு' என்ற நல்ல சொல்லையும் நாம் புற்றுநோய்ப் பயத்தோடு மட்டும் கட்டிப்போட்டுவிட்டோம். வெயிலும் கதிர்வீச்சு, வெக்கையும் கதிர்வீச்சு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி உடம்புக்குக் கேடு செய்யும் எக்ஸ்ரே போன்றவை வேறு ரகம்.

மாடியில் 'சோலார்' போட்டிருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவினை காசு விஷயம். சிலிக்கான் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சமும் அதை ஒட்டிய கொஞ்சம் அகச்சிவப்பும். வெக்கை அதற்கு ஆகாது. தகட்டின் சூடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் குறையும். சித்திரை நடுப்பகலில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நட்டம். தளத்தோடு ஒட்டவைக்காமல் காற்றுப் புகும்படி உயர்த்திக் கட்டச் சொல்வது அதற்காகத்தான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மழை பெய்யாத சீமை என்று பெயரெடுத்த மண்ணின் வெயில் அங்கே சரக்காகிவிட்டது. பகலில் கிடைப்பதை இரவுக்குச் சேர்த்து வைக்க மின்கலம் வேண்டும், அது மின்வேதியியல். அந்தத் துறைக்கென்றே உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் சமயத்தில், திறந்து வைத்தவர் ராதாகிருஷ்ணன்.

பெயர்ச்சொற்களை இவ்வளவு பேசிவிட்டேன். ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு வினைச்சொல். காய்.

வெயில் காய்கிறது. வெயிலில் துணி காய்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. நெருப்போரம் உட்கார்ந்து நாம் குளிர் காய்கிறோம். மழை இல்லாமல் கண்மாய் காய்கிறது. உடம்பு காய்ந்தால் காய்ச்சல். வீசுவதும், வாங்குவதும், வாங்கிச் சூடேறுவதும், சூடேறி ஈரம் போவதும் எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள். ஆற்றல் ஒரு பொருளிலிருந்து கிளம்பி இன்னொன்றில் சேர்ந்து செய்யும் வேலையின் முழுப் பாதையும் இதில் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது கோவில் வாசலிலும் கடை வாசலிலும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்தார்களே, அது தோலைத் தொடவில்லை. நெற்றி வீசும் அகச்சிவப்பை அளந்து டிகிரியாகச் சொன்னது. காய்ச்சலை, அது காய்கிற விதத்தை வைத்தே அளக்கும் கருவி.

நிலாவும் காய்கிறது. 'நிலா காயுது' என்பதைக் கவிதைக்காகச் சொன்ன பேச்சு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். முழுநிலவின் ஒளி சூரியனின் ஒளியைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. அதில் எது காயும்? ஆனால் நிலவு ஒரு மங்கலான பாறை. தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவைத்தான் அது ஒளியாகத் திருப்புகிறது. மிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, அதன் நடுப்பகல் தரை 120 டிகிரி வரை கொதிக்கிறது. கொதித்து, அந்தச் சூட்டை அகச்சிவப்பாக வீசுகிறது. முழுநிலவிலிருந்து கிளம்பும் ஆற்றலில் நாம் பார்க்கும் ஒளியைவிடப் பார்க்க முடியாத வெக்கையே அதிகம். 1846-ல் மாசிடோனியோ மெல்லோனி என்ற இத்தாலியர் வெசுவியஸ் மலைச்சரிவில் பெரிய கண்ணாடி வில்லையால் நிலவொளியைக் குவித்து, நுட்பமான மின்கருவியால் அந்தச் சூட்டை உணர்ந்தார். நிலா காய்கிறது என்பது வெறும் அழகுப் பேச்சு இல்லை. கண்ணுக்கு எட்டாத அளவில் அது உண்மை.

அதற்காக மிளகாய் வத்தலை நிலாவில் காயப்போட முடியாது. "பொழுது சாயுமுன்ன எடுத்து வையி, பனி பட்டா நமத்துப் போகும்" என்பாள் அப்பத்தா. பனி மேலிருந்து விழுவதில்லை என்று 1814-ல் சோதனை செய்து எழுதியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். மேகமில்லாத இரவில் வானம் பார்த்துக் கிடக்கும் வத்தல், தன்னிடமுள்ள சூட்டை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். திரும்ப வருவது குறைவு. சுற்றியுள்ள காற்றைவிட அது குளிர்ந்துபோகும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் துளிர்க்கும். பகலில் வெயில் வாங்கிக் காய்ந்தது, இரவில் தன் சூட்டையே காய்ந்து ஈரமாகிறது. மேலே ஓடோ கீற்றோ இருந்தால் அது வத்தலுக்குத் தன் வெக்கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும், பனி பிடிக்காது. அதனால் பாயைச் சுருட்டி வீட்டுக்குள் தூக்கிப் போகக்கூட வேண்டியதில்லை. முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்குள் நாலு அடி இழுத்துப் போட்டால் போதும்.